வால்யூம் நூறில் வைத்தும் புது லேப்டாப் முனகுகிறதா? எந்த மதகு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்

வணக்கம் டீச்சர். நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே தொல்லையில் இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும். போன மாதம் கோயம்புத்தூரில் புது லேப்டாப் வாங்கியிருக்கிறீர்கள். அதில் விண்டோஸ் 11 இருக்கிறது. பள்ளி வேலைக்காகக் கூடவே கைட் உபுண்டுவும் (கேரள அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்குத் தருகிற லினக்ஸ்) போட்டிருக்கிறீர்கள். வால்யூமை நூறில் வைத்தாலும் வகுப்பில் மூன்றாவது பெஞ்சுக்குக் கேட்பதில்லை. உபுண்டுவில் இன்னும் மோசம், தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருக்கிறது. ஆறு வருடம் உழைத்த பழைய லேப்டாப் இதைவிடச் சத்தமாகப் பேசியது. கடைக்காரர் "புது மாடலெல்லாம் இப்படித்தான்" என்கிறார், ஒருவர் பூஸ்டர் போடச் சொல்கிறார், இன்னொருவர் ஸ்பீக்கரையே மாற்றச் சொல்கிறார்.

மூன்று பேர் சொன்னதையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். கொழிஞ்சாம்பாறையில் பதினான்கு வருடமாக லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறேன். சத்தம் குறைவு என்று என் மேஜைக்கு வந்த புது மெஷின்களில், ஸ்பீக்கர் நிஜமாகவே கெட்டிருந்தவை சொற்பம். மற்றவற்றில் சத்தம் வழியில் எங்கோ குறுகியிருந்தது.

எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலூக்கா ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். மூலத்தரைத் தடுப்பணையில் ஷட்டரை எவ்வளவு தூக்கினாலும், கால்வாய் வழியில் ஒரு மதகு பாதி இறங்கிக் கிடந்தால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வராது. கரையோடு நடந்து எந்த மதகு என்று பார்த்தால்தான் உண்டு. லேப்டாப்பிலும் அப்படித்தான். திரை மூலையில் தெரிகிற நூறு ஒரே ஒரு மதகின் அளவு. அதற்கு முன்னால் வீடியோவின் சொந்தச் சத்தம், பிளேயரின் சத்தம், விண்டோஸ் அந்த பிரவுசருக்கு ஒதுக்கிய பங்கு என்று இருக்கிறது. அதற்குப் பின்னால் டிரைவர் (சவுண்ட் சிப்பை இயக்குகிற மென்பொருள்), ஆம்ப்ளிஃபையர் சிப், ஸ்பீக்கர், ஸ்பீக்கரை மூடியிருக்கிற சல்லடை. இதில் எது இறங்கியிருந்தாலும் மூலையில் நூறுதான் காட்டும்.

கரை முழுக்க நடக்கத் தேவையில்லை, நடுவில் ஒரு இடத்தில் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். வயர் உள்ள இயர்போன் ஒன்றைச் செருகுங்கள். காதில் மாட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு, வால்யூமை இருபதில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். இயர்போனில் சத்தம் தாராளமாக வந்தால் வீடியோ, பிரவுசர், மிக்ஸர் எல்லாம் சரி; கோளாறு ஸ்பீக்கர் பக்கத்து டிரைவரிலோ ஸ்பீக்கரிலோ இருக்கிறது. இயர்போனிலும் மந்தமாகவே இருந்தால் ஸ்பீக்கர் மேல் பழி போட வேண்டாம், மேல்மடையில் தேடுங்கள்.

உங்கள் பள்ளியில் இன்னொரு வசதியும் இருக்கலாம். ஹைடெக் பள்ளித் திட்டத்தில் கைட் கொடுத்த யூ.எஸ்.பி. ஸ்பீக்கர் ஏதாவது அலமாரியில் கிடக்கிறதா என்று பாருங்கள். அதற்குள்ளேயே தனி சவுண்ட் சிப் இருக்கிறது, லேப்டாப்பின் சொந்த சவுண்ட் சிப்பை அது தொடுவதே இல்லை. அதில் சத்தம் நன்றாக வந்து, இயர்போனில் வராவிட்டால், லேப்டாப்பின் ஆடியோ டிரைவரில்தான் கோளாறு என்று ஏறக்குறைய முடிவு செய்துவிடலாம்.

சோதிக்கும்போது வீடியோ மேலேயும் ஒரு கண் வையுங்கள். பாடம் நடத்துகிறவர்கள் வீட்டில் போனை வைத்துப் பதிவு செய்த வீடியோக்களில் பல, பிறக்கும்போதே சத்தம் குறைந்தவை. யூடியூபில் வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் திறந்தால் கறுப்புப் பெட்டி ஒன்று வரும். அதில் வால்யூம் வரியில் 'கன்டென்ட் லவுட்னெஸ்' என்று ஓர் எண் இருக்கும். அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் வீடியோ சரியான சத்தத்தில் இருக்கிறது. மைனஸ் 10, மைனஸ் 15 டெசிபெல் என்று இருந்தால் வீடியோவே ஒடுங்கியது. அளவுக்கு மேல் சத்தமான வீடியோக்களை யூடியூப் இறக்கிவிடும், சத்தம் குறைந்ததை அது வழக்கமாக ஏற்றிக் கொடுப்பதில்லை. பத்து டெசிபெல் குறைந்தால் காதுக்குப் பாதிச் சத்தம் போனது மாதிரி இருக்கும். அதனால் எண் பூஜ்யத்தை ஒட்டியிருக்கிற ஒரு வீடியோவைத் தேடி வைத்துக்கொண்டு, எல்லாச் சோதனையையும் அதை வைத்தே செய்யுங்கள். நேற்று ஒரு வீடியோ, இன்று ஒரு வீடியோ என்று மாற்றினால் எதுவும் தெளிவாகாது.

ஸ்க்ரூடிரைவர், டிரைவர் எல்லாவற்றுக்கும் முன்னால் மெஷினைக் கையில் எடுத்து, ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பழைய லேப்டாப் தடிமனாக இருந்திருக்கும், ஸ்பீக்கர் கீபோர்டுக்கு மேலேயோ முன்விளிம்பிலோ உங்களைப் பார்த்து இருந்திருக்கும். இப்போதைய மெல்லிய மாடல்கள் பலவற்றில் அது அடிப்பக்கத்தில் இரண்டு ஓரத்திலும் கீழ்நோக்கி இருக்கிறது. மேஜையில் பட்டுத் திரும்பி வரும் சத்தத்தைத்தான் நாம் கேட்கிறோம். மேஜையில் துணி விரித்திருந்தால் அந்தத் துணியே சத்தத்தைக் குடித்துவிடும். மெத்தைமேல் வைத்தால் கேட்கவே வேண்டாம்.

போன ஆடியில் ஒரு காலேஜ் பெண் கொண்டுவந்த லேப்டாப்பைச் சொல்கிறேன். வாங்கி இரண்டே வாரம். அவள் அண்ணன் அதற்குள் விண்டோஸை இரண்டு முறை ரீசெட் செய்துவிட்டார். சத்தம் சளி பிடித்த தொண்டை மாதிரி இருந்தது. கீபோர்டின் இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தேன், வழுவழுவென்று இருந்தது. கடையில் இலவசமாகக் கொடுத்த சிலிக்கான் கீபோர்டு உறை அது. அந்த மாடலுக்கு வெட்டியதில்லை, ஏதோ ஒரு பொது அளவு. கீபோர்டைத் தாண்டி இரண்டு ஓரத்து ஸ்பீக்கர் சல்லடை மேலும் அரை அங்குலம் படிந்திருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு மூலையைப் பிடித்து உரித்தேன். உரிய உரியச் சத்தம் திறந்தது. அந்தப் பெண் அப்படியே நின்று பார்த்தாள். அடிப்பக்கத்தில் அழகுக்கு ஒட்டும் ஸ்கின் ஸ்டிக்கரும் இதே வேலையைச் செய்யும். சல்லடைக்கு நேராக ஓட்டை வெட்டாமல் ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் மெஷினில் உறையோ ஸ்டிக்கரோ இருந்தால் முதலில் கழற்றிவிட்டுக் கேளுங்கள். சல்லடை ஓட்டையில் குண்டூசி மட்டும் விட வேண்டாம். அதற்குப் பின்னால் இருப்பது காகிதம் மாதிரி மெல்லிய சவ்வு, ஒரு குத்தில் போய்விடும்.

ஸ்பீக்கர் கீழ்ப்பக்கமாக இருந்தால் லேப்டாப்பின் பின் ஓரத்தில் இரண்டு அழிரப்பர் வைத்துத் தூக்கிப் பாருங்கள். துணியை எடுத்துவிட்டு வெறும் மரப்பலகை மேல் வையுங்கள். சில மாடல்களில் தூக்கினால் நல்லது, சிலவற்றில் பலகையோடு ஒட்டி இருந்தால்தான் நல்லது. உங்கள் காதுதான் சொல்லும்.

இனி விண்டோஸுக்குள் போகலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் சவுண்ட், அதற்குள் வால்யூம் மிக்ஸர். வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே திறங்கள், அப்போதுதான் பிரவுசரின் பெயர் அங்கே வரும். ஒவ்வொரு ஆப்புக்கும் தனிக் கோடு இருக்கும். பிரவுசரின் கோடு முப்பதில் நிற்கிறதென்றால், மூலையில் நூறு வைத்தாலும் உங்களுக்குக் கிடைப்பது முப்பதுதான். எப்போதோ கை பட்டு நகர்ந்திருக்கும், விண்டோஸ் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அதே பக்கத்தின் கீழே ரீசெட் பட்டன் ஒன்று இருக்கிறது, அதை அழுத்தினால் எல்லா ஆப்பும் பழைய நிலைக்கு வந்துவிடும். சத்தம் வேறு கருவிக்குப் போகிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள். புரொஜெக்டரை ஹெச்.டி.எம்.ஐ. வயரில் மாட்டினால் விண்டோஸ் சத்தத்தை அதற்கு அனுப்பிவிடும். புரொஜெக்டருக்குள் இருக்கிற குட்டி ஸ்பீக்கர் தொலைவில் முனகிக்கொண்டிருக்க, நாம் லேப்டாப்பைத் திட்டிக்கொண்டிருப்போம்.

சாயங்காலம் ஆன்லைனில் டியூஷன் எடுப்பதாக எழுதியிருந்தீர்கள். அப்படியானால் இதைக் கட்டாயம் பாருங்கள். சவுண்ட் பக்கத்தின் அடியில் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்று இருக்கும். அதைத் தொட்டால் பழைய காலத்துப் பெட்டி திறக்கும். அதில் கடைசியாக 'கம்யூனிகேஷன்ஸ்' என்று ஒரு டேப். கால் நடப்பதாக விண்டோஸ் நினைத்தால் மற்றச் சத்தங்களை 80 சதவீதம் குறைக்க வேண்டும் என்பதுதான் அங்கே முதலிலிருந்தே தேர்வாகியிருக்கும். டியூஷன் நடுவில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினால் அது திடீரென்று பதுங்குவதற்கு இது காரணமாக இருக்கலாம். அதை 'டூ நத்திங்' என்று மாற்றிவிடுங்கள்.

அதே பெட்டியில் 'பிளேபேக்' டேபில் ஸ்பீக்கர்ஸ் என்பதை டபுள் கிளிக் செய்து, 'லெவல்ஸ்' போய், பேலன்ஸ் பட்டனை அழுத்துங்கள். இடது, வலது இரண்டும் சமமாக இருக்க வேண்டும். இங்கே இன்னொரு சோதனையும் செய்யலாம். வலதை பூஜ்யமாக்கி இடதை மட்டும் கேளுங்கள். அப்புறம் இடதை பூஜ்யமாக்கி வலதை மட்டும். ஒரு பக்கம் ஊமையாக இருந்தால் ஒரு ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை, பெரும்பாலும் சர்வீஸ் சென்டர்தான்.

தனித்தனியாகக் கேட்கும்போது இரண்டும் நன்றாக இருந்து, சேர்த்துப் போட்டால் குரல் மெலிந்து, அடிக்குரல் காணாமல் போகிறதா? அது வேறு கதை. ஒரு ஸ்பீக்கரின் ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கிறது என்று அர்த்தம். ஒன்று காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும், நடுவில் வருகிற பேச்சுக்குரலை இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வேறு இடத்தில் ஒருமுறை திறந்து வேலை செய்த மெஷின் ஒன்று இப்படி என்னிடம் வந்தது. ஒரு நாள் முழுக்க டிரைவர் மாற்றி மாற்றிப் போட்டுக் களைத்த பிறகுதான் இந்தச் சோதனையைச் செய்தேன். அன்றிலிருந்து ஸ்பீக்கர் புகார் எது வந்தாலும் முதல் ஐந்து நிமிடத்திலேயே இதைச் செய்துவிடுகிறேன்.

ஸ்பீக்கர்ஸ் பெட்டியில் 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்று டேப் இருந்தால் அதில் 'லவுட்னெஸ் ஈக்வலைசேஷன்' என்பதை டிக் செய்து பாருங்கள். எல்லா மெஷினிலும் இது இருக்காது, டிரைவரைப் பொறுத்தது. இருந்தால் வகுப்புக்கு இதைவிட நல்ல உதவி இல்லை. ஒடுங்கிய இடங்களைத் தூக்கி, சத்தமான இடங்களை அடக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். பாட்டுக்கு இது ஆகாது, ஏற்ற இறக்கம் எல்லாம் தட்டையாகிவிடும். பாடம் கேட்க அருமையாக இருக்கும்.

இது எதிலும் விடியவில்லை, இயர்போனில் மட்டும் நன்றாகக் கேட்கிறது என்றால் டிரைவருக்கு வருவோம். உங்கள் கேள்வியின் மையம் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உபுண்டுவில் தகர டப்பா மாதிரி கேட்கிறது என்றீர்களே, அந்த ஒரு வரிதான் காரணம்.

பழைய லேப்டாப்பில் ஸ்பீக்கரை ஓட்டியது ஒரு சாதாரண ஆம்ப்ளிஃபையர். கரண்ட் வந்தால் வேலை செய்யும், யாரையும் கேட்காது. இப்போதைய மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் 'ஸ்மார்ட் ஆம்ப்' என்று ஒரு சிப் இருக்கிறது. சின்ன ஸ்பீக்கரில் அளவுக்கு மீறி ஓட்டினால் அதன் கம்பிச்சுருள் (காயில்) சூடேறும், சவ்வு எல்லை தாண்டி ஆடும். இந்தச் சிப் ஸ்பீக்கருக்குப் போகிற மின்னழுத்தத்தையும் கரண்டையும் நொடிக்கு நொடி அளந்து, சூடு எவ்வளவு, சவ்வு எவ்வளவு ஆடுகிறது என்று கணக்குப் போட்டு, ஆபத்தில்லாத எல்லை வரைக்கும் துணிந்து தள்ளும். அந்தக் கணக்குக்கு அந்த மாடலின் ஸ்பீக்கர் விவரம் வேண்டும். அது லேப்டாப் கம்பெனி தருகிற டிரைவரிலும் ஃபர்ம்வேர் ஃபைலிலும் இருக்கிறது. அந்த ஃபைல் கிடைக்காவிட்டால் சிப் மாடலைப் பொறுத்து மூன்றில் ஒன்று நடக்கும்: பத்திரமாக மெல்ல ஓட்டும், சில ஸ்பீக்கர்களை மட்டும் ஓட்டும், அல்லது ஓட்டவே ஓட்டாது. நான்கு ஸ்பீக்கர் உள்ள மாடலில் கீச்சென்ற சின்ன ஸ்பீக்கர்கள் மட்டும் பேசி, அடிக்குரல் ஸ்பீக்கர்கள் உறங்கிக் கிடந்தால் வருவதுதான் அந்தத் தகர டப்பாச் சத்தம்.

விண்டோஸில் இந்த விவரம் எப்படித் தொலைகிறது? புது மெஷினை வாங்கியதும் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து "க்ளீனாக" விண்டோஸ் போட்டு வாங்குவது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. கம்பெனி போட்டு அனுப்பிய ஆடியோ டிரைவர், அதோடு வந்த டால்பி அல்லது வேறு சவுண்ட் ஆப், எல்லாம் அதில் போய்விடும். அந்த இடத்தில் மைக்ரோசாஃப்டின் பொது டிரைவர் உட்காரும். சத்தம் வரும், ஆனால் அந்த ஸ்பீக்கருக்கென்று செய்த திருத்தம் எதுவும் இருக்காது. உங்களுக்கு உபுண்டு போட்டுக் கொடுத்தவர் விண்டோஸையும் புதிதாகப் போட்டாரா என்று கேளுங்கள். போட்டிருந்தால் லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்துக்குப் போய், மெஷினின் அடியில் அச்சடித்திருக்கிற சீரியல் எண்ணைக் கொடுத்து, உங்கள் மெஷினுக்கென்று இருக்கிற ஆடியோ டிரைவரை இறக்கிப் போடுங்கள். அதே மாடல் பெயரில் இரண்டு மூன்று வகை மெஷின்கள் இருக்கும், அதனால் மாடல் பெயரை நம்பாமல் சீரியல் எண்ணையே கொடுங்கள். போட்ட பிறகு ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் அப்டேட்டில் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' உள்ளேயும் ஆடியோ டிரைவர் காத்திருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். எல்லா டிரைவரையும் தானே தேடிப் போடுகிறேன் என்று விளம்பரம் செய்கிற ஆப்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அவை போட்டுக் கெடுத்ததைச் சரிசெய்ய எனக்கு அரை நாள் ஆகிறது.

முதல் வாரம் நன்றாக இருந்து, ஒரு அப்டேட்டுக்குப் பிறகுதான் சத்தம் குறைந்தது என்றால் கணக்கு தலைகீழ். டிவைஸ் மேனேஜரில் சவுண்ட் பகுதியில் ஆடியோ கருவியின் ப்ராபர்ட்டீஸ் திறந்து, 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள்.

இனி உபுண்டு. கேரளப் பள்ளிகளில் ஐ.டி. பாடமே கைட் உபுண்டுவில்தான் நடக்கிறது, அதனால் "அதை விட்டுவிடுங்கள்" என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனமில்லை, சொல்லவும் கூடாது. டெர்மினலைத் திறந்து ஆல்சாமிக்ஸர் (alsamixer) என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாகத் தட்டி என்டர் கொடுங்கள். எஃப்6 அழுத்தி உங்கள் சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்டர், ஸ்பீக்கர், சில மெஷினில் பாஸ் ஸ்பீக்கர் என்று தூண்கள் வரிசையாக நிற்கும். தூணின் அடியில் இரண்டு 'எம்' இருந்தால் அது மூடியிருக்கிறது, எம் கீயை அழுத்தினால் இரண்டு பூஜ்யமாக மாறித் திறந்துவிடும். ஸ்பீக்கர் தூண் பாதியில் நின்றால் அம்புக்குறியால் மேலே ஏற்றுங்கள். உபுண்டுவின் வெளி வால்யூம் நூறு காட்டும்போதே உள்ளே இந்தத் தூண் இறங்கிக் கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தூண்கள் எல்லாம் மேலே இருந்தும் டப்பாச் சத்தம் போகவில்லையென்றால், லினக்ஸுக்கு உங்கள் ஸ்மார்ட் ஆம்பை இன்னும் அடையாளம் தெரியவில்லை. நீங்கள் போட்டிருப்பது உபுண்டு 22.04 அடிப்படையிலானது என்றால், அது முதலில் வந்தபோது கெர்னல் (லினக்ஸின் உள்மையம்) 5.15. புது லேப்டாப்புகளில் வருகிற ஆம்ப் சிப்கள் பலவற்றுக்கான ஆதரவு அதற்குப் பிந்திய கெர்னல்களில்தான் சேர்ந்தது. அதே 22.04-க்கு ஹெச்.டபிள்யூ.இ. என்ற பெயரில் 6.8 கெர்னல் கிடைக்கிறது. அதையும், கூடவே லினக்ஸ் ஃபர்ம்வேர் தொகுப்பையும் அப்டேட் செய்து பாருங்கள். பள்ளி மென்பொருள்கள் இருக்கிற மெஷின் என்பதால் பள்ளியின் ஐ.டி. பொறுப்பு ஆசிரியரிடமோ கைட் மாஸ்டர் டிரெயினரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. அதற்கும் மசியவில்லையென்றால் அந்த மாடலுக்கு லினக்ஸில் வழி பிறக்கக் காத்திருக்க வேண்டும், அதுவரை வெளி ஸ்பீக்கர்தான். உபுண்டுவில் மட்டும் சத்தம் குறைந்து விண்டோஸில் நன்றாக இருந்தால் மெஷினில் பழுதே இல்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள். அதற்காக சர்வீஸ் சென்டர் ஏறினால் வீண் அலைச்சல்.

பூஸ்டர் பற்றிக் கேட்டீர்கள். பிரவுசரில் போடுகிற பூஸ்டர் 600 சதவீதம் வரை ஏற்றித் தருகிறேன் என்கிறது. டிஜிட்டல் சத்தத்துக்கு ஒரு கூரை உண்டு. அலையின் உச்சி ஏற்கெனவே கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தால், இன்னும் தூக்கும்போது உச்சி கூரையில் இடித்துத் தட்டையாகும். காதுக்கு அது கரகரப்பாகக் கேட்கும், ஸ்பீக்கர் காயிலுக்கு அது கூடுதல் சூடு. வீடியோவே ஒடுங்கியதாக இருந்தால், அதாவது நான் முன்னால் சொன்ன எண் மைனஸ் 15 மாதிரி இருந்தால், கூரைக்குக் கீழே இடம் காலியாக இருக்கிறது, அங்கே ஏற்றுவதில் தப்பில்லை. அதற்குக்கூட யாரோ எழுதிய பிரவுசர் பூஸ்டர் வேண்டாம். அவற்றில் சில, நீங்கள் திறக்கிற எல்லாப் பக்கங்களையும் படிக்க அனுமதி கேட்கும். வீடியோவை இறக்கி வைத்திருந்தால் வி.எல்.சி.யில் போடுங்கள், அதன் வால்யூம் கோடு 125 வரை போகும். உபுண்டு 22.04-இல் சவுண்ட் செட்டிங்ஸில் 'ஓவர் ஆம்ப்ளிஃபிகேஷன்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதைத் திறந்தால் நூறைத் தாண்டி ஏற்றலாம்.

சத்தத்தைக் கூட்டுவதைவிடத் தெளிவைக் கூட்டுவது பல நேரம் லாபம். விரல் நீளம்கூட இல்லாத ஸ்பீக்கரால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் செய்ய முடியாது, ஆனால் முயன்று முயன்று சக்தியை அங்கே செலவழிக்கும். 'க', 'ச', 'த' போன்ற மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதி. உங்கள் சவுண்ட் ஆப்பில் ஈக்வலைசர் இருந்தால் அடிப்பகுதியைக் குறைத்து, இந்த நடுப்பகுதியை மூன்று டெசிபெல் மாதிரி ஏற்றுங்கள். 'வாய்ஸ்' அல்லது 'டயலாக்' என்று தயார் நிலைத் தேர்வு இருந்தால் அதுவே போதும். பிள்ளைகள் "கேக்கல டீச்சர்" என்று சொல்வதில் பாதி, சத்தம் கேட்கவில்லை என்பதல்ல, சொல் புரியவில்லை என்பது.

எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். சாதாரண லேப்டாப்பில் இரண்டு வாட் ஸ்பீக்கர் இரண்டு இருக்கும், அவ்வளவுதான். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் சத்தம் ஆறு டெசிபெல் குறையும். சுவருள்ள வகுப்பறையில் கொஞ்சம் குறைவாகக் குறையும். அரை மீட்டரில் உங்கள் காதுக்கு நன்றாகக் கேட்பது நான்கு மீட்டரில் கடைசி பெஞ்சுக்கு ஏறக்குறைய பதினைந்து டெசிபெல் குறைந்து போய்ச் சேரும். அதுவும் ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து அடிக்கிற காற்றும், ஷீட் கூரையில் விழுகிற மழையும் சேர்ந்தால், எந்தக் கம்பெனி லேப்டாப்பும் தோற்றுவிடும். உங்கள் பழைய லேப்டாப்பையும் புதியதையும் ஒரே மேஜையில், ஒரே வீடியோவில், ஒரு மீட்டர் தள்ளிப் போனை வைத்து, டெசிபெல் மீட்டர் ஆப் ஒன்றில் அளந்து பாருங்கள். அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் நம்புங்கள். வித்தியாசம் மூன்று நான்கு என்றால் மாடலின் இயல்பு. பத்துக்கு மேல் என்றால் எங்கேயோ மதகு இறங்கியிருக்கிறது. மாடலின் இயல்புதான் என்று தெரிந்தால் அந்த யூ.எஸ்.பி. ஸ்பீக்கரையோ, இருபது வாட் அளவில் வயர் போடும் வசதியுள்ள ஒரு ஸ்பீக்கரையோ பெஞ்சுகளுக்கு நடுவில் வையுங்கள். ப்ளூடூத் மட்டும் உள்ளதை வாங்காதீர்கள். ஆன்லைன் கால் நடக்கும்போது அந்த ஸ்பீக்கரின் மைக்கை லேப்டாப் எடுத்துக்கொண்டால் அது போன் பேசுகிற தரத்துக்கு இறங்கிவிடும்.

பழுது என்று முடிவானால் நீங்களோ தெரிந்தவரோ ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டாம், வாரன்டி இருக்கிறது. போவதற்கு முன் ஒரு சோதனை: ஹெச்.பி. என்றால் ஆன் செய்ததும் எஸ்கேப், அப்புறம் எஃப்2; டெல் என்றால் எஃப்12 அழுத்தி டயக்னாஸ்டிக்ஸ். விண்டோஸுக்கு வெளியே ஓடுகிற இந்தச் சோதனையில் ஆடியோ பகுதி இருக்கும். அங்கேயும் ஒரு பக்கம் ஊமையாக இருந்தால் விண்டோஸ், டிரைவர் என்று யாரும் காரணம் சொல்ல முடியாது. அதைப் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். பாலக்காட்டு சர்வீஸ் சென்டரில் போய் "சவுண்ட் குறவாணு" என்று மட்டும் சொன்னால் வால்யூமை ஏற்றிக் காட்டி அனுப்பிவிடுவார்கள். இயர்போனில் நன்றாக இருக்கிறது, பேலன்ஸில் இடது பக்கம் வரவில்லை, டிரைவர் புதிதாகப் போட்டாகிவிட்டது, இதோ வீடியோ என்று சொன்னால் பேச்சே வேறு மாதிரி போகும். ஜாப் ஷீட்டில் இந்த வாக்கியங்களையே எழுதச் சொல்லி ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். விண்டோஸை அழிக்காமல் வைத்திருங்கள், அவர்கள் சோதிப்பது அதில்தான்.

"தமிழ்நாட்டில் வாங்கிவிட்டு இங்கே எப்படிப் புகார் கொடுப்பது" என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். எல்லையோரத்தில் இருக்கிற நமக்கு இது எப்போதும் வருகிற பயம். இந்தியாவில் விற்ற லேப்டாப்பின் கம்பெனி வாரன்டி பொதுவாக நாடு முழுக்கச் செல்லும், ஜி.எஸ்.டி. பில் கையில் இருந்தால் போதும். கம்பெனியும் கடையும் மாறி மாறித் தட்டிக்கழித்தால் முதலில் 1915-க்கு அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் அது. அப்புறமும் நகரவில்லையென்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டிக் கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதில்லை, பாலக்காட்டிலேயே கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்ச ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

இன்று ராத்திரி இயர்போன் சோதனையையும் பேலன்ஸ் சோதனையையும் மட்டும் செய்துவிட்டு, இரண்டில் என்ன கேட்டது என்று எழுதுங்கள் டீச்சர். லேப்டாப்பின் மாடல் பெயரையும், விண்டோஸ் யாராவது மறுபடி போட்டார்களா என்பதையும் சேர்த்து எழுதினால், அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்று என்னால் நேராகவே சொல்லிவிட முடியும்.